எம்.டி.யின் ஆட்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பல வருடமாக உங்களை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. வீட்டிலும் நண்பர்களிடமும் பேசித் தீராத ஒரு விஷயம்.

கோவையில் ஆட்டோமேஷன் இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஏழு வருடமாக சர்வீஸ் இன்ஜினியராக இருக்கிறேன். டிப்ளமோ படித்தவன். நான் சேர்ந்தபோது அறுபது பேர் இருந்தோம். இப்போது இருநூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. புது ஷெட், கேன்டீன், எச்.ஆர். எல்லாம் வந்துவிட்டன. "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று எம்.டி. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பேசுவார்.

ஆனால் அவரோடு ஞாயிறு காலை ஷட்டில் ஆடும் நாலைந்து பேருக்குத்தான் நல்ல சைட் (வாடிக்கையாளர் இடத்தில் போய்ச் செய்யும் வேலை), நல்ல இன்கிரிமென்ட், வெளிநாட்டுக் கண்காட்சி எல்லாம். போன மே மாதம் ராஜ்கோட்டில் மூன்று வாரம் தங்கி, மோட்டாரை இயக்கும் டிரைவில் யாருக்கும் பிடிபடாத ஒரு கோளாறைச் சரிசெய்தேன். ரிவ்யூ மீட்டிங்கில் அதை எடுத்துச் சொன்னவர் எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்தவர். இந்த ஏப்ரலில் சர்வீஸ் மேனேஜர் பதவியும் அவருக்கே போனது. அவர் கெட்டவர் இல்லை, வேலையும் தெரிந்தவர்தான். அதுதான் இன்னும் குழப்புகிறது. எச்.ஆரிடம் போனேன். "நோட் பண்ணிக்கிறேன் சார்" என்றார்கள்.

என் கீழே மூன்று பையன்கள். ஒருவன் கில்லாடி, கஷ்டமான சைட் என்றால் அவனைத்தான் அழைத்துப்போவேன். என் நிலைமையைப் பார்த்து அவனுக்கும் மனசு விட்டுப்போய்விட்டது.

"நீங்களும் நாலு நல்ல வார்த்தை பேசினா என்ன குறைஞ்சு போயிடும்?" என்கிறாள் மனைவி. எனக்கு அது வராது. நானும் ஜால்ரா தட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமா, கிளம்பிவிட வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகர், கோவை
(பெயரும் சில விவரங்களும் நீக்கப்பட்டுள்ளன.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் "வேலையும் தெரிந்தவர்தான்" என்ற வரியில் நின்றுவிட்டேன். அவர் ஒன்றும் தெரியாதவராக இருந்திருந்தால் உங்களுக்குக் கோபம் மட்டும்தான் வந்திருக்கும். நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள். அந்தக் குழப்பம் நியாயமானது.

வேண்டியவருக்குச் செய்வது என்றால் நாம் பதவி உயர்வையும் சம்பளத்தையும்தான் நினைக்கிறோம். அவை கடைசியில் வருபவை. முதலில் கிடைப்பது வாய்ப்பு. பெரிய வாடிக்கையாளரின் சைட், புது மாடல் டிரைவைத் திறந்து பார்க்கும் வேலை, எம்.டி. எப்படி விலை பேசுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அரைமணி நேரம், தப்பு செய்தால் "பரவாயில்லை, அடுத்த தடவை பார்த்துக்க" என்ற ஒரு சொல். இதெல்லாம் மூன்று வருடம் ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை என்றால், மூன்றாம் வருட முடிவில் முதலாமவர் நிஜமாகவே திறமைசாலி ஆகிவிடுவார். அப்புறம் எந்த எச்.ஆர். வந்து மதிப்பெண் போட்டாலும் அவருக்குத்தான் கூடுதலாக வரும். "தகுதி பார்த்துத்தான் கொடுத்தேன்" என்று உங்கள் எம்.டி. மனசாட்சியோடு சொல்லலாம், அது பொய்யும் ஆகாது. தவறு ஏப்ரலில் நடக்கவில்லை. அதற்கு வெகுமுன்பு, யாரை எந்த சைட்டுக்கு அனுப்புவது என்று முடிவான சாதாரண நாட்களில் நடந்துவிட்டது.

டான்சரோ, கிரேன், ஹாகா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், இதை ஒரு பல்கலைக்கழகத்தின் தங்குமிடப் பிரிவில் கவனித்தார்கள். புதிதாக அமைந்த மேலாளர்களையும் அவர்களின் கீழ் இருந்தவர்களையும் ஒன்பது மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரே மேலாளர் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. சிலரிடம் பொறுப்பையும் சுதந்திரத்தையும் தருகிறார், மற்றவர்களிடம் விதிப்படி வேலை வாங்குகிறார். யார் எந்தப் பக்கம் என்பது ஆரம்பத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. மேலாளர் ஓய்வில்லாதவர். நம்பிக்கையான இரண்டு பேர் கிடைத்தால் எல்லாவற்றையும் அவர்களிடமே கொடுக்கத்தான் அவருக்குத் தோன்றும்.

இது வளரும் கம்பெனியில் ஏன் இவ்வளவு வலிக்கிறது? உங்கள் ஊரில் எத்தனையோ கம்பெனிகள் ஒரு லேத்தோடும் ஐந்தாறு ஆட்களோடும் வாடகை ஷெட்டில் தொடங்கியவை. அங்கே முதலாளி தானே மெஷினில் நின்றவர். யார் எப்படி வேலை செய்கிறார் என்று அவர் கண்ணால் பார்த்தார். பதினைந்து பேர் இருந்தவரை அவருடைய கண்ணே போதுமான அளவுகோல். இருநூற்றைம்பது பேர் ஆனபோது அந்தக் கண் எட்டும் தூரம் அப்படியேதான் இருக்கிறது. ராஜ்கோட்டில் நீங்கள் கேபிளை அளந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. ஷட்டில் கோர்ட்டில் நிற்பவரை அவருக்குத் தெரியும். எல்லோரையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று அவர் இன்னமும் உண்மையாகவே நம்பிக்கொண்டிருப்பார். அதனால் அவர் செய்வது சரி என்று நான் சொல்லவில்லை. இருநூற்றைம்பது குடும்பங்களின் வரும்படியைக் கையில் வைத்திருப்பவர், தன் கண்ணுக்குப் படாத இடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக் கடமைப்பட்டவர். "ஒரே குடும்பம்" என்ற பேச்சு அந்தக் கடமையைத்தான் மறைக்கிறது. குடும்பத்தில் யாரும் இன்கிரிமென்ட் கேட்பதில்லை, ஆர்டர் குறைந்தால் பிள்ளையை வெளியே அனுப்புவதும் இல்லை. கம்பெனி கம்பெனியாக இருந்து, கணக்காக நடந்துகொண்டால் போதும்.

நல்ல சைட் போகும் இடத்தில் ஊரோ சாதியோ இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நம் ஊர்களில் "நம்ம பையன்" என்ற பேச்சுக்குள் பல சமயம் அது இருக்கும். அப்படி இருந்தால் நான் கீழே சொல்லும் எந்த வழியும் வேலை செய்யாது. காத்திருக்க வேண்டாம்.

அது இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

உங்கள் கீழே இருக்கும் மூன்று பையன்களில் ஒருவனைத்தான் கஷ்டமான சைட்டுக்கு அழைத்துப்போவதாக இயல்பாக எழுதிவிட்டீர்கள். மற்ற இருவரும் வேறு யாருக்காவது ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு நீங்கள்தான் எம்.டி. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சைட்டில் வாடிக்கையாளர் தலைக்கு மேல் நிற்கும்போது தெரிந்தவனைத்தான் கூட்டிப்போகத் தோன்றும், எனக்குப் புரிகிறது. ஆனால் மற்ற இருவருக்கும் அந்த வேலை ஏன் தெரியவில்லை? தெரியாததால் அழைத்துப்போகவில்லை, அழைத்துப்போகாததால் தெரியவில்லை. அடுத்த சைட்டுக்கு அவர்களில் ஒருவரை அழைத்துப்போங்கள். இரண்டு நாள் கூடுதலாக ஆகும் என்று மேலே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் கம்பெனியில் நியாயம் எங்கிருந்தாவது தொடங்க வேண்டும், உங்கள் கைக்கு உட்பட்ட இடம் அதுதான்.

உங்கள் மனைவி சொன்னதை ஜால்ரா என்று தள்ளிவிட்டீர்கள். அவர் சொன்னதில் பாதி சரி என்று நினைக்கிறேன். செய்த வேலையைச் செய்ததாகச் சொல்வது முகஸ்துதி ஆகாது. அந்த ரிவ்யூ மீட்டிங்கில் நீங்கள் இருந்தீர்களா? இருந்தும் பேசவில்லையா, கூப்பிடவே இல்லையா? கூப்பிடவில்லை என்றால் தவறு அவர்களுடையது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை என்றால் அந்த இடத்தை இன்னொருவர் நிரப்பத்தான் செய்வார். வேலை தானாகப் பேசும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம், கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. பதினைந்து பேர் ஷெட்டில் அது பேசியது. இப்போது பேசாது. ராஜ்கோட் கோளாறு என்ன, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எந்த செட்டிங்கை மாற்றினீர்கள், எத்தனை மணி நேரம் லைன் நின்றது என்று ஒரு பக்கம் எழுதி, உங்கள் பெயரும் தேதியும் போட்டு, சர்வீஸ் ரிப்போர்ட்டோடு மெயிலில் அனுப்புங்கள். ஒவ்வொரு சைட்டுக்கும் இதைச் செய்யுங்கள். கூட வந்த பையனின் பெயரையும் போடுங்கள்.

அடுத்து, எம்.டி.யிடம் நேரம் கேட்டுப் போய்ப் பேசுங்கள். "அவருக்கு ஏன் கொடுத்தீங்க" என்று கேட்டால் அவர் அந்த ஆளைத் தாங்கிப் பேச ஆரம்பித்துவிடுவார், பேச்சு அங்கேயே முடிந்துபோகும். அடுத்த முறை இப்படி ஒரு பதவி வந்தால் என்ன பார்ப்பீர்கள், என்னிடம் என்ன குறைகிறது, அதைக் கற்றுக்கொள்ள எந்த சைட் தருவீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். அவர் எழுதித் தராவிட்டால், பேசியதை நீங்களே சுருக்கி அன்று மாலையே அவருக்கு மெயில் அனுப்புங்கள்.

காரணம் கேட்பது சிறிய விஷயமில்லை. ஜெரால்ட் கிரீன்பெர்க் என்பவர் 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் ஒரே கம்பெனியின் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரத்துக்கு 15 சதவீதம் சம்பளம் குறைக்கப்பட்டது. ஒன்றில் தலைவரே வந்து கணக்குகளைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். இன்னொன்றில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போனார்கள். குறைந்த பணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது தொழிற்சாலையில் பொருள் திருட்டு மிக அதிகமாகக் கூடியது, வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் அதிகம். பணத்தைப் போலவே விளக்கமும் தொழிலாளிக்குச் சேர வேண்டிய ஒன்று என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

எச்.ஆர். இதற்குத் தீர்வாக பெல் கர்வ், அதாவது இத்தனை சதவீதம் பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று ஊழியர்களைக் கட்டாயமாகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவரப்போகிறோம் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஜாக் வெல்ச் தலைவராக இருந்த காலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் என்ற அமெரிக்கக் கம்பெனி, ஊழியர்களை மேல் 20, நடு 70, கீழ் 10 சதவீதம் என்று பிரித்துக் கீழே இருந்தவர்களை வெளியேற்றியது. மைக்ரோசாஃப்ட் அது போன்ற தரவரிசையை 2013-இல் கைவிட்டது. மதிப்பெண் போடுவது பழைய கைதான் என்றால் பழைய பட்டியல்தான் வரும், இந்த முறை தசமப் புள்ளியோடு.

கிளம்புவதா என்று கேட்டீர்கள். அடுத்த ஏப்ரல் வரை இருந்து பாருங்கள் என்பது என் கருத்து. எம்.டி. சொன்னது ஒன்றாவது நடக்கிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். வேலை தேடுவதை இன்றே தொடங்குங்கள், அதற்கும் இதற்கும் முரண் இல்லை. ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உங்கள் உரிமை. பொதுவாக, கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியைச் சேர்த்து 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 26,000 ரூபாய் என்றால் ஏழு வருடத்துக்கு 1,05,000 ரூபாய். இது அவர்கள் மனம் வைத்துக் கொடுப்பது இல்லை, கேட்டு வாங்குங்கள். பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

போவது என்று முடிவானால் ராஜினாமாக் கடிதம் இரண்டு வரி இருக்கட்டும். கிளம்பும்போது எச்.ஆர். காரணம் கேட்பார்கள். பெரும்பாலோர் "சொந்தக் காரணம்" என்று எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். யார் பெயரையும் இழுக்காமல், எந்த சைட் யாருக்குப் போனது என்பதைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள். அந்தப் பையன்கள் மூவரும் இன்னும் அங்கேதான் வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அக்கா