மகன் ஃபெஸ் போகட்டும்

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. வேலையில் சேர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மொராக்கோவில் இருக்கும் ஃபெஸ் நகருக்குத் தனியாகப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். முஸ்லிம் நாடு, முன்பின் தெரியாத ஊர். மசூதிக்குள்கூட மற்ற மதத்தவரை விடமாட்டார்களாம். அங்கே இவனுக்கு என்ன வேலை? போனாலும் இரண்டு நாளில் கிளம்பிவிடு என்கிறேன். சரிதானே?
— வாசகர் ஒருவர், மதுரை

பதில்: சரியில்லை. போகட்டும், ஐந்து நாளாவது இருக்கட்டும்.

முன்பின் தெரியாத ஊர் என்கிறீர்கள். மொராக்கோக்காரரான இப்னு பதூதா என்ற பயணி 1340-களில் உங்கள் மதுரைக்கு வந்திருக்கிறார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் அவருக்குச் சகலை முறை. அந்தச் சகலை செய்த கொடுமைகளை ஒளிக்காமல் சொன்னவர் அவர். ஊரில் கொள்ளைநோய், இவருக்கும் கடும் காய்ச்சல். புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்தேன் என்கிறார். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதி முடித்தது 1355-இல், ஃபெஸ் சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி. அதே சுல்தான் கட்டிய பூ இனானியா மத்ரஸா (இஸ்லாமியக் கல்விக்கூடம்) அந்த ஊரில் இன்றும் நிற்கிறது. டிக்கெட் வாங்கி யாரும் உள்ளே போகலாம். முற்றத்தில் உட்கார்ந்து சுவரைப் பாருங்கள்: கீழே வண்ண ஓட்டுத் துண்டுகள், அதற்கு மேலே சுதைவேலை, அதற்கும் மேலே தேவதாரு மரச் செதுக்கல். இதற்கே ஒரு காலைப்பொழுது வேண்டும்.

அப்புறம் மசூதி விஷயம். உள்ளே விடமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதைச் சட்டமாக்கியவர் யார் தெரியுமா? 1912-இல் பிரெஞ்சு ஆட்சி வந்தபோது அதன் தலைமை நிர்வாகியாக இருந்த லியோத்தே. தம் ஆட்கள் உள்ளே நுழைந்து வம்பு வளர்க்கக் கூடாது என்பதற்காகப் போட்ட தடை. அதை வைத்து அந்த ஊர் மக்களை எடைபோடுவது நியாயமில்லை. ஃபெஸ்ஸின் கரவிய்யீன் மசூதியை 859-இல் தொடங்கியவர் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி என்பது அவர்கள் மரபு. பிழைப்புத் தேடி வந்த குடும்பம்; அப்பா விட்டுப்போன சொத்தில் கட்டினாராம். உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகங்களில் ஒன்றாக வளர்ந்தது அதுதான். கதவு திறந்திருக்கும்போது வாசலில் நின்று பார்க்கலாம். யாரும் விரட்டுவதில்லை. தொழுகிறவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாமல் இருந்தால் போதும்.

பழைய ஊருக்குள் கார் நுழையாது. கோவேறு கழுதைதான் லாரி. பின்னாலிருந்து "பாலாக்! பாலாக்!" (வழி விடு) என்று குரல் வந்தால் உடனே சுவரோரம் ஒட்டிக்கொள்ள வேண்டும். பெரிய முதுகுப்பையோடு திரும்பினால் தோல் மூட்டையில் இடித்து விழவேண்டியதுதான். பையைத் தங்கும் அறையில் வைத்துவிட்டு நடக்கட்டும். சந்துகளில் போன் மேப் குழப்பும். இறங்கிக்கொண்டே போனால் கரவிய்யீன், ஏறிக்கொண்டே வந்தால் நீல ஓடு பதித்த பூ ஜெலூத் வாசல். இந்தக் கணக்கு போதும்.

சவாரா தோல் பதனிடும் இடத்தை மேலே கடை மாடியிலிருந்து பார்ப்பார்கள். மூக்கில் வைத்துக்கொள்ளப் புதினாக் கொத்து தருவார்கள். கீழே சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த தொட்டிகளில் மனிதர்கள் தொடையளவு இறங்கித் தோலை மிதிக்கிறார்கள். அந்த வேலையைப் பத்து நிமிடம் பார்க்காமல் புதினாவோடு ஒரு செல்ஃபி எடுத்துத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உங்கள் மகன் அப்படிச் செய்யக் கூடாது.

பயப்பட வேண்டியவற்றையும் சொல்கிறேன். "அந்த வழி மூடியிருக்கிறது, நான் கூட்டிப்போகிறேன்" என்று வந்து ஒட்டிக்கொள்ளும் பையன்கள் பிறகு காசு கேட்டு மடக்குவார்கள். "லா, ஷுக்ரான்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடக்க வேண்டும். ஹஷீஷ் (கஞ்சாப் பிசின்) வேண்டுமா என்று காதோரம் கிசுகிசுப்பவர்கள் பக்கமே திரும்பக் கூடாது. அது அங்கே குற்றம், சிறைவரை போகும். பாஸ்போர்ட்டின் நகல் உங்களிடம் ஒன்று இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். டிக்கெட் போடுமுன் ரமலான் எப்போது வருகிறது என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த மாதத்தில் பகலில் தெருவில் நின்று தின்பதும் தண்ணீர் குடிப்பதும் கூடாது.