கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது, கட்டணம் கட்ட வழியில்லை: விலக்குக் கேட்பது எப்படி?

கேள்வி: சேலம் மாவட்டத்தில் உள்ள சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மாதச் சம்பளம் 22,000 ரூபாய். நிலத்தடி நீரில் புளோரைடு கலந்திருப்பதைப் பற்றி நானும் என் மாணவியும் எழுதிய கட்டுரையை வெளிநாட்டுத் திறந்த அணுக்க இதழ் (எவரும் பணம் கட்டாமல் படிக்கக்கூடிய இதழ்) ஒன்று ஏற்றுக்கொண்டு, வெளியீட்டுக் கட்டணமாக 1,890 டாலரை 30 நாள்களுக்குள் செலுத்தும்படி இன்வாய்ஸ் அனுப்பியிருக்கிறது. ஏழை நாடுகளுக்கு இந்தக் கட்டணம் கிடையாது என்கிறார்கள். இந்தியாவுக்கு அது பொருந்துமா? 18,000 ரூபாய் கொடுத்தால் முழு விலக்கு வாங்கித் தருவதாக எங்கள் ஊரில் உள்ள ஆய்வு ஆலோசனை நிறுவனம் ஒன்று சொல்கிறது. நம்பலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கட்டண விலக்கு கோரும் விண்ணப்பம் என்பது கட்டுரையாளர் தாமே நிரப்பக்கூடிய ஒரு படிவம், அல்லது ஒரு பக்க அளவிலான மின்னஞ்சல். அதை அனுப்புவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. அதைப் பரிசீலிப்பவர்கள் பதிப்பகத்தின் கட்டணப் பிரிவில் இருப்பவர்கள். அவர்களிடம் செல்வாக்கு இருப்பதாக எவர் சொன்னாலும் அது பொய்.

இந்தியாவுக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு விடை, தானாகக் கிடைக்கும் விலக்கு இந்தியாவுக்கு இல்லை என்பதே. இது பலருக்கும் வியப்பளிக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். உலக வங்கி நாடுகளை வருமான அடிப்படையில் பிரிக்கும்போது இந்தியாவைக் கீழ் நடுத்தர வருமான நாடுகளின் பிரிவில் வைக்கிறது. இலங்கையும் அதே பிரிவில் இருக்கிறது. ஸ்பிரிங்கர் நேச்சர் பதிப்பகத்தின் முழுத் திறந்த அணுக்க இதழ்களில் குறைந்த வருமான நாடுகளுக்கு முழு விலக்கும், கீழ் நடுத்தர வருமான நாடுகளுக்குப் பாதிக் கட்டணமும் என்று ஒரு பொது விதி உண்டு. ஆனால் அந்த இரண்டாம் பிரிவுக்கு ஒரு நிபந்தனையைச் சேர்த்திருக்கிறார்கள்: நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 20,000 கோடி டாலருக்குக் குறைவாக இருக்க வேண்டும். கவனியுங்கள், அவர்கள் பார்ப்பது ஆளுக்கு எவ்வளவு வருமானம் என்பதை அன்று, நாடு முழுவதற்குமான மொத்தத் தொகையை. நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் நாட்டின் மொத்த உற்பத்தி அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டிவிடுகிறது. அதனால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதுபவருக்குக் கிடைக்கும் பாதித் தள்ளுபடி, அவரைவிடக் குறைந்த சம்பளம் வாங்கும் உங்களுக்குக் கிடைக்காது. ஏழை நாடுகளுக்கு ஆய்விதழ்களை இலவசமாகவோ குறைந்த விலையிலோ தரும், எல்ஸவியர் போன்ற பதிப்பகங்கள் பின்பற்றும் ரிசர்ச் ஃபார் லைஃப் என்ற திட்டத்தின் நாட்டுப் பட்டியலிலும், சலுகைக்குரிய இரண்டு குழுக்களிலும் இந்தியா இல்லை. சம்பளத்தைப் பார்க்காமல் நாட்டின் பருமனைப் பார்த்துச் சலுகை கொடுக்கும் இந்த முறை நியாயமற்றது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எல்ஸவியர் 2024 ஜனவரியில் தன் முழுத் திறந்த அணுக்க இதழ்கள் 142இல், தனிநபர் வருமானத்தைக் கணக்கில் கொண்டு நாட்டுக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைக்கும் சோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. உங்கள் இதழ் அப்பதிப்பகத்தைச் சேர்ந்தது என்றால், இதழின் பக்கத்தில் இந்தியாவுக்கு என்ன கட்டணம் என்பதை ஒரு முறை பாருங்கள்.

தானாகக் கிடைக்கும் விலக்கு இல்லை என்பதால் கதவு அடைந்துவிட்டது என்று பொருளில்லை. நிதியுதவி இல்லாத கட்டுரையாளர்கள் தனித்தனியாக விண்ணப்பித்துப் பெறக்கூடிய விருப்புரிமை விலக்கு என்ற ஒன்று பெரும்பாலான நல்ல பதிப்பகங்களில் இருக்கிறது. அதற்கான காலக்கெடுவில்தான் நம்மவர்கள் தவறிவிடுகிறார்கள். கட்டுரையை முதன்முதலில் சமர்ப்பிக்கும் நாளிலேயே விலக்கையும் கேட்டுவிட வேண்டும் என்பது பல பதிப்பகங்களின் விதி. ஏற்புக் கடிதம் வந்த பிறகு கேட்டால் பரிசீலிக்க மாட்டோம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். விலக்குக் கேட்டால் கட்டுரையை நிராகரித்துவிடுவார்கள் என்று அஞ்சிப் பலர் கடைசிவரை வாய் திறப்பதில்லை. நேர்மையாக நடக்கும் இதழ்களில் கட்டணப் பிரிவின் முடிவு மதிப்பீட்டாளர்களுக்குத் தெரியாது. ஆகவே அந்த அச்சத்துக்கு இடமில்லை.

நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். இருந்தாலும் இன்றே எழுதுங்கள். கேட்பதால் இழப்பு ஒன்றுமில்லை. கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். கட்டுரை எண், இந்த ஆய்வுக்கு எந்த நிதி அமைப்பிடமிருந்தும் நிதி பெறவில்லை என்ற ஒரு வரி, உங்கள் கல்லூரியில் வெளியீட்டுக் கட்டணத்துக்கான நிதி இல்லை என்ற ஒரு வரி, அதை உறுதிப்படுத்தி முதல்வர் கையொப்பமிட்ட கல்லூரிக் கடிதத் தாள், உங்களால் எவ்வளவு செலுத்த முடியும் என்ற ஒரு தொகை, இவ்வளவு போதும். அந்தத் தொகையைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். முழு விலக்குக்கு மறுப்பவர்கள்கூடப் பாதியாகக் குறைக்க ஒப்புக்கொள்வதுண்டு. அதோடு, இன்வாய்ஸில் இருப்பது 1,890 டாலர் என்றாலும் வரி அதற்கு மேல், வங்கியின் அயல்நாணய மாற்றுக் கட்டணம் அதற்கும் மேல். ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டும் ஒரு தொகையை நகையை அடகு வைத்துக் கட்டலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருந்தால் அதைக் கைவிட்டுவிடுங்கள். எந்தக் கட்டுரையும் அதற்குத் தகுதியானதன்று.

இனி அந்த ஆலோசனை நிறுவனத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'ஸ்கோபஸ் வெளியீடு, 45 நாளில் உத்தரவாதம்' என்ற விளம்பரங்கள் பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரே உள்ள நகலகச் சுவர்களிலும் ஆய்வு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் நிறைந்திருக்கின்றன. ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைத் தேர்ந்து பட்டியலிடும் ஒரு தரவுத்தளம். இவர்கள் செய்யும் முதல் காரியம், உங்கள் பெயரில் புதிதாக ஒரு ஜிமெயில் முகவரி தொடங்கி, அதைத் தொடர்பு ஆசிரியரின் முகவரியாக இதழுக்குக் கொடுப்பது. கடவுச்சொல் அவர்களிடம் இருக்கும். அன்றிலிருந்து இதழ் எழுதும் ஒவ்வொரு கடிதமும் அவர்களுக்குத்தான் போகும். இதழ் உண்மையில் முழு விலக்குக் கொடுத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. முழுக் கட்டணத்தையும் உங்களிடம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள அவர்களால் முடியும். கட்டுரைக்குத் தொடர்பே இல்லாத இரண்டு பேரின் பெயர்களை நடுவில் செருகி, அந்த இடங்களைத் தனியாக விலைபேசி விற்பவர்களும் இருக்கிறார்கள். யாருடைய கட்டுரையையோ மேற்கோள் காட்டும் ஏழெட்டு வரிகளை உங்கள் கட்டுரைக்குள் சேர்ப்பவர்களும் உண்டு. பிற்காலத்தில் இதழ் விளக்கம் கேட்டு எழுதும்போது அந்த ஜிமெயிலைத் திறக்க எவரும் இருக்க மாட்டார்கள். வெளியான கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றுவிடும், பழி உங்கள் பெயரிலும் உங்கள் மாணவியின் பெயரிலும் நிற்கும். ஆகவே இதுவரை அவர்களிடம் கட்டுரை எண்ணையோ கடவுச்சொல்லையோ கொடுத்திருந்தால், இன்றே கடவுச்சொல்லை மாற்றி, தொடர்பு முகவரி உங்களுடையதுதானா என்று இதழின் இணையதளத்தில் உள்நுழைந்து பாருங்கள். உங்கள் கட்டுரையின் கணக்கு உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், இதழே உண்மையானதுதானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கட்டணம் உண்டு என்ற செய்தி சமர்ப்பிக்கும்போதே இதழின் பக்கத்தில் தெளிவாக இருந்ததா, அல்லது ஏற்புக் கடிதத்தோடுதான் முதன்முறையாக வந்ததா? ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் குழுமத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2016இல் தொடுத்த வழக்கில் முக்கியமான குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று: கட்டணத்தை முன்கூட்டியே சொல்வதில்லை, ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டுப் பணம் கேட்கிறார்கள், கட்டுரையை விலக்கிக்கொள்ள விரும்பினாலும் விடுவதில்லை. 2019 மார்ச்சில் அமெரிக்க நீதிமன்றம் அக்குழுமத்துக்கு எதிராக 5 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகைக்குத் தீர்ப்பளித்தது. பெரிய பெயர் இருந்தால் போதும் என்றும் எண்ண வேண்டாம். வைலி நிறுவனம் 2021இல் வாங்கிய ஹிந்தாவி இதழ்களிலிருந்து 2023ஆம் ஆண்டில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன; அந்தப் பெயரையே வைலி கைவிட நேர்ந்தது. ஸ்கோபஸில் இருப்பதாக இதழின் முகப்பில் போட்டிருக்கும் முத்திரையை நம்பாதீர்கள். ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலைப் பணம் கட்டாமலே பார்க்கலாம். அங்கே போய் இதழின் பெயரால் தேடாமல், ஒவ்வொரு இதழுக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணால் தேடுங்கள். நல்ல இதழின் பெயரைத் திருடிப் போலித் தளம் நடத்துபவர்கள் இருப்பதால், பதிப்பகத்தின் சொந்தத் தளம் வழியாகவே இதழின் பக்கத்துக்குச் செல்லுங்கள். இதழைப் பட்டியலில் சேர்ப்பது நிறுத்தப்பட்டுவிட்டதா என்ற குறிப்பும் ஸ்கோபஸ் பட்டியலிலேயே இருக்கும்.

இதழ் உண்மையானது, ஆனால் விலக்கு மறுக்கப்பட்டுவிட்டது என்றால், கட்டுரையை விலக்கிக்கொண்டு வேறிடத்துக்கு அனுப்புவதே நான் சொல்லும் வழி. உலகின் நல்ல இதழ்களில் பெரும்பகுதி இன்றும் கட்டுரையாளரிடம் பணம் கேட்பதில்லை. படிப்பவர் பணம் கட்டும் சந்தா முறையிலும் திறந்த அணுக்க முறையிலும் ஒருசேர வெளியிடும் கலப்பு இதழ்கள் ஏராளமாக உள்ளன. கட்டுரை ஏற்கப்பட்டதும் எந்த முறை வேண்டும் என்று அவை கேட்கும். சந்தா முறையைத் தேர்ந்தெடுத்தால் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. புகழ்பெற்ற நேச்சர் இதழே திறந்த அணுக்கத்துக்கு 9,500 யூரோ என்று 2020இல் அறிவித்தது. அந்தத் தொகை அந்த முறையை விரும்புபவருக்கு மட்டுமே. சந்தா முறையில் வெளியிடுபவருக்குக் கட்டணம் இல்லை. இந்தக் கலப்பு இதழ்களில் திறந்த அணுக்கத்துக்கு விலக்குக் கேட்டால் பொதுவாகக் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். இலவச வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்பார்கள். சந்தா முறையில் வந்த கட்டுரையின், மதிப்பீட்டுக்குப் பின் நீங்கள் திருத்திக் கொடுத்த இறுதிக் கையெழுத்துப்படியை, பல பதிப்பகங்கள் குறிப்பிட்ட காலம், பெரும்பாலும் ஓராண்டு, கழிந்ததும் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் எல்லோரும் படிக்கும்படி வைக்க அனுமதிக்கின்றன.

எல்லோரும் உடனே படிக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம் என்றால், திறந்த அணுக்க இதழ்களின் அடைவான டி.ஓ.ஏ.ஜே. தளத்தில், கட்டணம் வாங்காத இதழ்களை மட்டும் காட்டும் வடிகட்டியைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். 2003இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்த அடைவில் உள்ள இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கட்டுரையாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. தருமபுரி, சேலம் பகுதியின் புளோரைடு நீரைப் பற்றிய ஆய்வை, அந்த நீரைக் குடிப்பவர்களுக்காகத் திட்டமிடுகிறவர்கள் படிப்பதுதான் முக்கியம். மேற்கோள்களின் எண்ணிக்கையை வைத்து இதழை மதிப்பிடும் தாக்கக் குறியீட்டை அவர்கள் பார்ப்பதில்லை.

2025இல் தொடங்கிய மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் இதற்குப் பணம் கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். அது அடிப்படையில் இதழ்களைப் படிப்பதற்கான திட்டம். அதிலும் அரசு நடத்தும் நிறுவனங்களுக்குத்தான் முதற்கட்டத்தில் இடம். சுயநிதிக் கல்லூரியில் இருப்பவர் படிப்பதற்கும் வழியில்லை, வெளியிடுவதற்கும் உதவியில்லை. வாரம் முழுவதும் வகுப்பெடுக்கச் சொல்லி, மாலையில் தேர்வுத்தாள் திருத்தச் சொல்லி, தரமதிப்பீட்டுக் குழு வரும்போது மட்டும் ஆளுக்கு இரண்டு கட்டுரை எங்கே என்று கேட்கும் நிர்வாகம், அதற்கான கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தர முன்வருவதில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 விதிமுறைகளில் நீக்கியது. தான் ஏற்ற இதழ்களின் பட்டியலான கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டு, இதழ்களை மதிப்பிடும் பொறுப்பைப் பல்கலைக்கழகங்களிடமே விட்டுவிட்டது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தம் விதிகளில் பழைய நிபந்தனையை வைத்திருக்கின்றன. அந்த நிபந்தனை இருக்கும்வரை உங்கள் ஊர் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் குறையப்போவதில்லை. அடுத்த துறைக் கூட்டத்தில், கட்டுரை கேட்கும் கல்லூரி கட்டணத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்று எழுத்து மூலமாகவே கேளுங்கள்.

விலக்கிக்கொள்வதாக முடிவெடுத்தால், இன்வாய்ஸ் காலக்கெடு முடியும் முன், உரிமப் படிவத்தில் கையொப்பமிடும் முன், இதழாசிரியருக்கும் கட்டணப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். காரணத்தை மறைக்க வேண்டாம். கட்டணம் செலுத்த இயலவில்லை, விலக்கு மறுக்கப்பட்டது என்று நேராகச் சொல்லுங்கள். உங்கள் மாணவியின் ஒப்புதலும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். விலக்கிக்கொள்வதற்கும் பணம் கேட்டால் அந்த இதழைச் சந்தேகியுங்கள், கட்டாதீர்கள். கட்டுரை விலக்கிக்கொள்ளப்பட்டது என்று அவர்கள் எழுத்தில் உறுதிசெய்யும்வரை வேறு எந்த இதழுக்கும் அதை அனுப்பக் கூடாது. ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களில் இருந்தால் இரண்டிலும் நிராகரிக்கப்படக்கூடும். பதில் வரவில்லை என்றால் வாரம் ஒரு முறை நினைவூட்டுங்கள், ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் சேமித்து வையுங்கள். மதிப்பீட்டாளர்கள் இதுவரை சொன்ன திருத்தங்கள் உங்களுடையவை. அவற்றோடு சேர்த்தே புதிய இதழுக்கு அனுப்பலாம்.