வெந்நீர் வருது, ரேடியேட்டர் சூடாகல: பாய்லர் போயிடுச்சா?

தம்பி, குழாய்ல வெந்நீர் வருது ஆனா ரேடியேட்டர் எல்லாம் சில்லுன்னு கிடக்கு, லண்டன்ல முதல் குளிர்காலம், பாய்லர் போயிடுச்சான்னு கேட்டிருந்தீங்க. பயப்படாதீங்க. வெந்நீர் வந்தாலே பெரும்பாலும் பாய்லர் நல்லா எரியுதுன்னுதான் அர்த்தம் (வெந்நீர சேத்து வெக்கற சிலிண்டர்ல இருக்கற கரண்ட் ஹீட்டர் ஓடலைன்னு மட்டும் பாத்துக்கோங்க).

எங்க பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்போ ஒரு டிசம்பர்ல எங்களுக்கும் இதேதான் ஆச்சு, வந்து பாத்தவர் பாய்லரையே மாத்தணும்னுட்டார், ராத்திரி பூரா குழந்தைய கம்பளில சுத்தி மடியிலயே வெச்சிருந்தோம். மறுநாள் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து சிலிண்டர் இருக்கற அலமாரிய திறந்து ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சார், போனது ரேடியேட்டருக்கு வெந்நீர திறந்து விடற வால்வு மேல இருக்கற மோட்டார் ஹெட் மட்டும்தான்.

பல வீட்டுல வெந்நீர் சிலிண்டர் பக்கத்துல பைப்புல சின்ன உலோகப் பெட்டி மாதிரி ரெண்டு மோட்டார் வால்வு இருக்கும், ஒண்ணு வெந்நீருக்கு, இன்னொண்ணு ரேடியேட்டருக்கு. ஹீட்டிங்க போட்டு தெர்மோஸ்டாட்ட ஏத்தி வெச்சுட்டு, ரேடியேட்டருக்கான அந்தப் பெட்டியோட பக்கவாட்டு லீவர மெதுவா தள்ளிப் பாருங்க. லூசா ஆடினா மோட்டார் வால்வ திறந்துடுச்சுன்னு அர்த்தம், கோளாறு வேற எங்கயோ. டைட்டா இருந்து விட்டதும் திரும்பி வந்தா மோட்டார் திறக்கவே இல்ல. அப்போ லீவர மேனுவல் (கையால திறந்து வெக்கறது) பக்கம் தள்ளி மாட்டிட்டு வெந்நீர ஆன் பண்ணுங்க, சிலிண்டர் சூடாகற வரைக்கும் ரேடியேட்டரும் சூடாகும், இன்னிக்கு ராத்திரிக்கு அது போதும்.

வாடகை வீடா இருந்தா இதுக்கு மேல கை வைக்காதீங்க, 1985 வாடகைச் சட்டம் 11-வது பிரிவுப்படி ஹீட்டிங்க சரி பண்ணித் தர்றது வீட்டு ஓனர் பொறுப்பு, ஈமெயில்ல எழுதிக் கேளுங்க, புதுசா வந்தவங்க கேக்கவே கூச்சப்படறாங்க, அது வேண்டாம்.

சொந்த வீடுன்னா அதே மாடல் ஹெட்ட வாங்கி மாத்தலாம். ஹனிவெல் கம்பெனி வால்வுன்னா மூடி மேல சின்னப் புடைப்பு இருக்கான்னு பாருங்க, இருந்தா தண்ணி வடிக்காம ஹெட்ட மட்டும் கழட்டலாம். ஆனா ஒண்ணு, டைமர்ல ஆஃப் பண்ணா போதும்னு நினைக்கவே நினைக்காதீங்க, சாம்பல் கலர் வயர்ல எப்பவும் கரண்ட் இருக்கும், ஆரஞ்சு வயர்லயும் வரலாம். சுவத்துல இருக்கற ஹீட்டிங் சுவிட்ச ஆஃப் பண்ணி 3 ஆம்பியர் ஃபியூஸ வெளிய எடுத்து வெச்சுட்டு, டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் தொடணும். வயர போட்டோ எடுத்துக்கோங்க. கரண்ட் வேலை பழக்கமில்லன்னா எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க. ஹெட்ட கழட்டினதும் கீழ இருக்கற தண்டு கையால திரும்புதான்னு பாருங்க, இறுகிப் போயிருந்தா புது ஹெட்டும் சீக்கிரமே போயிடும், வால்வையே மாத்தணும், அது ப்ளம்பர் வேலை.

சிலிண்டரே இல்லாத காம்பி பாய்லர்னா இந்த வால்வு பாய்லருக்கு உள்ளயே இருக்கும், மூடியத் திறக்காதீங்க, கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்யறவங்களுக்கான பதிவு) அட்டை இருக்கறவரத்தான் கூப்பிடணும்.

முதல்ல லீவர் டைட்டா லூசான்னு பாத்துட்டு சொல்லுங்க தம்பி.