வந்த ட்ரோன்களும் வராத ட்ரோன்களும்

கேள்வி: 2025 மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் மோதல் நடந்தபோது, ஜலந்தரில் ட்ரோன் தாக்கியதாகச் சொல்லி ஒரு காணொளி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. பிறகு அது பொய் என்றார்கள். ஆனால் அந்த நாட்களில் பஞ்சாபுக்கு ட்ரோன்கள் வந்தது உண்மைதானே?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: ட்ரோன்கள் வந்தது உண்மை; அந்தக் காணொளி சொன்னது பொய். மே 8ஆம் தேதி இரவு தொடங்கி விடியும்வரை, லடாக்கின் லே முதல் குஜராத்தின் சர் கிரீக் வரை 36 இடங்களை நோக்கி ஏறத்தாழ 300 முதல் 400 ட்ரோன்கள் ஏவப்பட்டதாக இந்திய ராணுவத்தின் கர்னல் சோஃபியா குரேஷி மறுநாள் செய்தியாளர்களிடம் தெரிவித்தார். மே 9ஆம் தேதி மாலை பஞ்சாபின் பெரோஸ்பூர் மாவட்டத்தில் ட்ரோன் தாக்குதலில் ஒரு குடும்பமே தீக்காயம் அடைந்தது. ஜலந்தர் காணொளியில் தெரிந்ததோ வயலில் பற்றிய தீ. அதில் பதிவாகியிருந்த நேரம் இரவு 7:39 என்பதையும், ட்ரோன் தாக்குதல் அதற்குப் பிறகே தொடங்கியது என்பதையும் சுட்டிக்காட்டி, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அதை மறுத்தது.

இந்தப் புரளியை நம்பியவர்களை ஏமாளிகள் என்று நான் சொல்ல மாட்டேன். விளக்குகள் அணைக்கப்பட்டு, அபாயச் சங்கு ஒலித்து, வானில் வெடியோசை கேட்கும் ஊரில், எந்தத் தீயைக் கண்டாலும் அது தாக்குதலாகவே தோன்றும். அந்த நேரத்தில் அதிகாரிகளும் உடனே வாய் திறக்க முடியாது. எத்தனை ட்ரோன்கள் எங்கே விழுந்தன, எங்கிருந்து சுடப்பட்டன என்பதுதான் அவற்றை அனுப்பியவருக்கு முதலில் தேவைப்படும் தகவல். படை நடவடிக்கைகளை நேரலையில் காட்ட வேண்டாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் மே 9 அன்று ஊடகங்களைக் கேட்டுக்கொண்டதற்கும் இதுவே காரணம். ஆகவே தாக்குதலுக்கும் அதிகாரபூர்வ அறிவிப்புக்கும் இடையே சில மணி நேர இடைவெளி இருந்தே தீரும். புரளி முழுவதும் அந்த இடைவெளியில்தான் விளைகிறது. அந்தச் சில மணி நேரம் பகிராமல் பொறுத்திருப்பதே நம்மால் செய்யக்கூடிய பெரிய உதவி என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: பரவிய காணொளிகளை எங்கிருந்து எடுத்தார்கள்?
– ஒரு கல்லூரி மாணவர், தூத்துக்குடி

பதில்: பெரும்பாலும் பழைய விபத்துகளிலிருந்து. 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தைப் பாகிஸ்தானின் ஏவுகணைத் தாக்குதல் என்றார்கள். 2021 ஜூலையில் ஒரு எண்ணெய் டேங்கர் வெடித்த காட்சியைக் குஜராத்தின் ஹஜிரா துறைமுகம் தாக்கப்பட்டதாகக் காட்டினார்கள். ‘ஆர்மா 3’ என்ற கணினி விளையாட்டின் காட்சிகளும் உண்மைப் போராகப் பரவின. காணொளியை ஓரிடத்தில் நிறுத்தி, அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் தேடிப் பார்த்தால், இவ்வகைப் பொய்களில் பல சில நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும். கடைப் பலகையில் உள்ள எழுத்து, வாகனங்களின் பதிவெண், சாலையில் அவை செல்லும் பக்கம் ஆகியவற்றையும் கவனியுங்கள்.

கேள்வி: இவை எல்லாம் எதிரி நாடு பரப்பிய பொய்கள்தானே?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: இல்லை, இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மே 8 இரவு, இந்தியக் கடற்படை கராச்சித் துறைமுகத்தைத் தாக்கி அழித்துவிட்டதாக நம் நாட்டுத் தொலைக்காட்சிகள் சிலவே அறிவித்தன. அதற்குச் சான்றாக இணையத்தில் சுற்றிய காட்சிகளில் ஒன்று, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அவ்வாண்டின் தொடக்கத்தில் நடந்த விமான விபத்து. கராச்சி உள்ளிட்ட இலக்குகளைத் தாக்கக் கடற்படை தயார் நிலையில் காத்திருந்தது என்றுதான் துணை அட்மிரல் ஏ.என். பிரமோத் மே 11 அன்று கூறினார். நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி என்பதற்காக அதைச் சரிபார்க்காமல் விடுவது, எல்லையில் உயிரைப் பணயம் வைத்து நிற்பவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கேள்வி: வானத்தில் நகரும் ஒளியைக் கண்ணால் பார்த்தவர்கள் சொன்னால் நம்பலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: பார்த்தது உண்மையாக இருக்கலாம், அது ட்ரோன்தானா என்பது வேறு கேள்வி. 2024 இறுதியில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மர்ம ட்ரோன்கள் பறப்பதாகப் பரபரப்பு எழுந்தது. கடலில் நிற்கும் ஈரானியக் கப்பலிலிருந்து அவை வருவதாக ஒரு நாடாளுமன்ற உறுப்பினரே சொன்னார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகன் அன்றே மறுத்தது. அந்நாட்டின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கு வந்த 5,000க்கும் மேற்பட்ட தகவல்களில் சுமார் 100 மட்டுமே மேற்கொண்டு விசாரிக்கத் தக்கவையாக இருந்தன. சட்டப்படி இயங்கிய ட்ரோன்கள், விமானங்கள், ஹெலிகாப்டர்கள் ஆகியவற்றோடு விண்மீன்களையும் மக்கள் மர்ம ட்ரோன்கள் என்று எண்ணியிருந்தார்கள். இருட்டில் ஒரு ஒளிப்புள்ளியின் தொலைவையோ அளவையோ வெறும் கண்ணால் கணிக்க முடியாது.

கேள்வி: வந்ததை அப்படியே அனுப்பினால் தண்டனை உண்டா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவு, பொது அமைதியைக் குலைக்கும் வகையில் வதந்தியை உருவாக்குபவரோடு அதைப் பரப்புபவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். உண்மை என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, நல்லெண்ணத்தோடு, தீய நோக்கம் இன்றிப் பகிர்ந்தவருக்கு விலக்கு உண்டு. ஐயம் எழுந்தால் குழுவில் இடுவதற்கு முன், மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கோ தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகத்துக்கோ அந்தக் காணொளியை அனுப்பிக் கேளுங்கள்.