அட்டையில் வந்த வசனமும் இடிந்த சுவரும்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். மாண்டலேயிலிருந்து எழுதுகிறேன். 2024 டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் புது வருஷத்துக்கென்று நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (வேத வசனம் அச்சிட்ட அட்டை) ஏசாயா 41:10 இருந்தது: 'நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்.' மூன்றாம் மாதம் நிலநடுக்கம். எங்களுக்கு உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தையல் கடையின் பின்சுவர் இரண்டு மெஷின்கள் மேல் விழுந்துவிட்டது. என்னென்ன போயிற்று, யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். அதைப் பார்த்த சபை மூப்பர், "பத்து வேவுகாரர் மாதிரி இராட்சதரை எண்ணிக்கொண்டிருக்கிறாயே, காலேபைப் போல இரு" என்றார். அன்றிலிருந்து நோட்டைத் தொடவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு விசுவாசம் இல்லையா?

ஒரு சகோதரி, மாண்டலே

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் அந்த நோட்டை எடுத்து மேஜைமேல் வையுங்கள். அப்புறம் வேதாகமத்தில் எண்ணாகமம் 13-ஐ மறுபடி வாசியுங்கள். கானானை வேவு பார்க்க மோசே அனுப்பிய பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் 'நம்மால் முடியாது' என்றார்கள், காலேப் 'முடியும்' என்றார்.

பட்டணங்கள் அரணானவை, இராட்சதரான ஏனாக்கின் புத்திரர் அங்கே இருக்கிறார்கள் என்று மற்றவர்கள் சொன்னபோது, 'அதெல்லாம் பொய்' என்று காலேப் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பன்னிரண்டு பேரும் பார்த்தது ஒரே மதிலைத்தான். எஸ்கோலில் அறுத்துத் தடியில் கட்டித் தூக்கிவந்ததும் ஒரே திராட்சைக் குலைதான். கணக்கில் தகராறே இல்லை. பத்துப் பேர் சறுக்கியது கடைசி வரியில்: 'நாங்கள் எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம், அவர்கள் பார்வைக்கும் அப்படியே இருந்தோம்.' முதல் பாதி சரி, அவரவர் மனசு. இரண்டாம் பாதி இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? இராட்சதரிடம் போய்க் கேட்டார்களா? உங்கள் நோட்டில் 'இனி எங்களால் எழும்பவே முடியாது' என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால் அதை மட்டும் அடித்துவிடுங்கள். மற்றது எல்லாம் இருக்கட்டும்.

மூப்பர் சொன்ன காலேபுக்கே வருவோம். வேவு பார்க்கப் போனபோது அவருக்கு 40 வயது. நம்பியவர் அவர், ஆனால் நம்பாதவர்களோடு சேர்ந்து வனாந்தரத்தில் அவரும்தான் அலைந்தார். எபிரோன் மலைநாட்டைத் தரும்படி, மோசேக்கு அப்புறம் தலைவரான யோசுவாவிடம் வந்து கேட்கும்போது வயது 85. இதில் நான் வெகுகாலம் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. வேவுகாரர் எபிரோனில் பார்த்த ஏனாக்கியர் மூவரின் பெயர் அகீமான், சேசாய், தல்மாய். யோசுவா 15-ல் காலேப் துரத்துவதும் அதே மூன்று பெயர்களைத்தான். 45 வருஷம் ஆகியும் இராட்சதர் இடத்தைக் காலி செய்யவில்லை! மலையைக் கேட்கிற அதே பேச்சில், அங்கே ஏனாக்கியர் உண்டு, அரணான பெரிய பட்டணங்கள் உண்டு என்று காலேபே சொல்கிறார். அவரிடமும் ஒரு நோட்டு இருந்திருக்கிறது.

சரி, அட்டை விஷயம். நான் அட்டையைப் பழிக்கிறவன் இல்லை. எங்கள் வீட்டு பீரோ கதவில் ஆறு வருஷத்து அட்டைகள் பசைக்கறையோடு ஒட்டியிருக்கின்றன. அட்டையில் ஒரே ஒரு குறை, வசனத்துக்கு முன்னும் பின்னும் இருப்பதை வெட்டிவிடும். ஏசாயாவின் அந்தப் பகுதி ஆறுதல் சொல்வது, எருசலேமின் மதில் இடிந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன ஜனத்துக்கு. அங்கே 'சுவர் விழாது' என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. 'உன்னுடனே இருக்கிறேன்' என்பதுதான் வாக்கு. இரண்டு அதிகாரம் தள்ளி, 'நீ தண்ணீர்களைக் கடக்கும்போது' என்று வருகிறது. கடக்கவேண்டி வராது என்று அங்கேயும் சொல்லவில்லை.

மார்ச் 28-ல் பழைய ஆவா பாலம் விழுந்ததே, அந்த ஆவாவில்தான் 1824-ல், ஆங்கிலேயரோடு நடந்த முதல் போரின்போது, அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனை விலங்கு போட்டு அடைத்தார்கள். அவர் ரங்கூனில் வந்து இறங்கியது 1813-ல். முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1819-ல். ஆறு வருஷத்துக்கு ஒரே ஆள். சிறையிலிருந்து வெளியே வந்து சில மாதங்களில், 1826-ல், அவர் ஊரில் இல்லாதபோது மனைவி ஆன் இறந்துபோனார். அடுத்த வருஷம் கைக்குழந்தையும். நம் பிரசங்கங்களில் சிறைக்கதை அடிக்கடி வரும், அதற்கு அப்புறம் நடந்தது வருவதில்லை. மோல்மேன் பக்கத்துக் காட்டில் குடிசை போட்டுக்கொண்டு, தனக்கென்று ஒரு குழியை வெட்டி, அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தேவனை நம்புகிறேன், ஆனால் காணமுடியவில்லை என்று எழுதினார். அதே மனிதர் 1834-ல் பர்மிய வேதாகமத்தின் மொழிபெயர்ப்பை முடித்தார். குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜட்சனை உங்கள் மூப்பர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! மூப்பர்மேல் கோபப்படாதீர்கள். அவர் வீட்டுச் சுவரும் விரிசல் விட்டிருக்கலாம்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். மெஷின் இரண்டிலும் தலைப்பாகமே உடைந்ததா, இல்லை ஸ்டாண்டும் மிதிகட்டையும் மட்டுமா? ஸ்டாண்டு மட்டும் என்றால் ரங்கூனில் பழையது தேடிப் பார்க்கிறேன், கிடைத்தால் பஸ்ஸில் போட்டு அனுப்பலாம். என்ன கம்பெனி, எந்த மாடல் என்று நோட்டைப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்