சின்ன ஆணி அடிக்கும்போது விரல் நசுங்காமல் இருக்க என்ன கருவி?

கேள்வி: போட்டோ ஃபிரேமின் பின்பலகை, அலமாரிக் கதவின் பீடிங் (ஓரத்தில் ஒட்டும் மெல்லிய மரப் பட்டை) போன்றவற்றில் அரை அங்குலம், முக்கால் அங்குல ஆணி அடிக்கும்போது சுத்தியல் விரலில் பட்டுவிடுகிறது. ஆணியும் பாதியில் வளைந்துவிடுகிறது. ஆணியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறக்க ஏதாவது கைக்கருவி இருக்கிறதா?

இருக்கிறது. பின் புஷர், பிராட் புஷர் என்ற இரண்டு பெயர்களிலும் விற்கிறார்கள். எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்காது, இணையத்தில் கிடைக்கும். நீங்கள் சொல்லும் வேலைக்கு இதுதான் சரியான கருவி. ஆனால் எல்லா ஆணிக்கும் எல்லா மரத்துக்கும் ஆகாது. அது தெரியாமல் வாங்குகிறவர்கள்தான் இரண்டு நாளில் டிராயருக்குள் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

பார்ப்பதற்கு ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்கும். உள்ளங்கையில் அழுந்த உட்காரும் உருண்டையான கைப்பிடி. அதிலிருந்து நீளும் எஃகுத் தண்டு. தண்டின் மேல் முன்னும் பின்னும் நகரும் ஒரு குழாய். குழாயை முன்னே தள்ளி வைத்திருக்கும் ஒரு ஸ்பிரிங். தண்டின் முனையில் காந்தம் ஏற்றியிருப்பார்கள். ஆணியின் தலை உள்ளே போகும்படி குழாய்க்குள் போட்டால் காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும், கவிழ்த்தாலும் விழாது. குழாயின் வாயைக் குறித்த இடத்தில் வைத்து அழுத்தினால் குழாய் பின்வாங்கும், தண்டு ஆணியை மரத்துக்குள் தள்ளும். முழுக்க அழுத்தி முடிக்கும்போது தண்டு முனையும் குழாய் வாயும் ஒரே மட்டத்துக்கு வரும், ஆணியின் தலையும் மரத்தின் மட்டத்தில் நிற்கும். சில வகைகளில் தண்டு அரை மில்லிமீட்டரோ ஒன்றோ கூடுதலாக நீளும். தலை மேற்பரப்புக்குக் கீழே புதையும், மேலே பட்டி பூசி மறைத்துவிடலாம்.

விரலுக்கு இங்கே வேலையே இல்லை என்பது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம், ஆணி வளையாது. மெல்லிய கம்பியை இரு முனையிலும் அழுத்தினால் அது நடுவில் வளைகிறது. எவ்வளவு விசையில் வளையும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. வெளியே நிற்கும் நீளம் பாதியானால் வளைக்க நான்கு மடங்கு விசை வேண்டும். தடிமனின் பங்கு இன்னும் அதிகம் (ஆணியின் தடிமனைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள், எண் குறைந்தால் தடிமன் கூடும்): 18 கேஜ் ஆணி 1.22 மி.மீ., 16 கேஜ் ஆணி 1.63 மி.மீ.; பார்வைக்குப் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் பின்னதை வளைக்க மும்மடங்கு விசை தேவை. பின் புஷரில் குழாய் ஆணியைச் சுற்றி நிற்பதால், ஆணி வளையப் பார்த்தாலும் குழாயின் சுவர் தடுத்துவிடுகிறது. சுத்தியல் அடியில் இந்தத் துணை கிடையாது. அடி கொஞ்சம் சாய்வாக விழுந்தாலே அரை அங்குல ஆணி படுத்துவிடும்.

இந்தக் காரணத்தால்தான் குழாயின் உள்விட்டமும் ஆணித் தலையும் ஓரளவு பொருந்தியிருக்க வேண்டும். தலை குழாயைவிடப் பெரிதாக இருந்தால் உள்ளேயே போகாது. மிகச் சிறிதாக இருந்தால் ஆணி குழாய்க்குள் சாய்ந்து நிற்கும், மரத்துக்குள்ளும் சாய்ந்தே இறங்கும். தலையில்லா ஆணி, பேனல் பின் என்று கேட்டு வாங்கும் சின்னத் தலை ஆணிகள் பொருந்தும். தகரம் அடிக்கும் அகலத் தலை ஆணி பொருந்தாது. கடையில் நேரில் வாங்குவதாக இருந்தால் நீங்கள் பயன்படுத்தும் ஆணியில் நாலைந்தைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். ஒரு அங்குல ஆணியை உள்ளே வைத்து, வாய் கீழே இருக்கும்படி பிடித்து ஒரு உலுக்கு உலுக்குங்கள். விழுந்தால் காந்தம் போதாது. குழாயைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தண்டின் மேல் கடகடவென்று ஆடினால் வேண்டாம்.

எந்த மரத்தில் எவ்வளவு இறங்கும்? பைன், சாதாரண கமர்ஷியல் பிளைவுட் ஆகியவற்றில் 18 கேஜ், முக்கால் அங்குலம் வரை கையழுத்தத்திலேயே போகும். பைனில் ஒரு அங்குலமும் போகும். தேக்கில் அரை அங்குலமே திணறும். வேங்கை மாதிரிக் கனத்த மரத்தில் நேராக முயலவே வேண்டாம். அங்கே முதலில் துளை போட வேண்டும். ஆணியின் தடிமனில் முக்கால் பங்குக்குச் சற்று மேலான துளை, அதாவது 18 கேஜுக்கு 1 மி.மீ., ஆழம் ஆணி நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மீதி ஒரு பங்குதான் பிடிமானத்தை இறுக்கும். 1 மி.மீ. டிரில் பிட் பட்டென்று ஒடியும், விலையும் கூட. அதற்குப் பதில் அதே ஆணி ஒன்றின் தலையை வெட்டிவிட்டு டிரில் மெஷினில் மாட்டிக்கொள்ளுங்கள். அது மரத்தைச் சீவாது, நாரை விலக்கிக்கொண்டு போகும், ஆனாலும் இந்த வேலைக்கு நன்றாகவே போதும். சூடாகும், நாலு துளைக்கு ஒருமுறை நிறுத்துங்கள்.

மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை தனிக் கதை. அதன் முகத்தில் ஆணி சுலபமாக இறங்கும், பிடிப்பு மட்டும் குறைவு. விளிம்பில் அடித்தால் பலகை இரண்டு பாளமாகப் பிளந்து வீங்கும். விளிம்பில் பசையும் கிளாம்பும் போதும், ஆணி வேண்டாம்.

இனி அழுத்தும் முறை. பலரும் சறுக்குவது இங்கேதான். மணிக்கட்டால் அழுத்துகிறார்கள், பலம் போதாமல் கைப்பிடியை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார்கள், ஆட்டும்போது ஆணி வாயருகே வளைகிறது. வேலைப் பொருளை இடுப்புக்குக் கீழே, ஆடாத மேசையிலோ தரையிலோ வையுங்கள். கைப்பிடி உள்ளங்கையில், முழங்கை நீட்டியபடி, தோள் கருவிக்கு நேர் மேலே. உடம்பின் எடையை மெதுவாக இறக்கினால் போதும். குத்தக் கூடாது, ஒரே சீரான அழுத்தம். பொருளுக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால் பலகைதான் வளையும், ஆணி இறங்காது. அலமாரிக் கதவு நிற்கும் நிலையில் பீடிங் அடிக்க வேண்டியிருந்தால், இன்னொருவர் பின்பக்கம் ஒரு கட்டையை அணைத்துப் பிடிக்கட்டும். அவர் கை கட்டையின் ஓரத்தில் இருக்க வேண்டும், நீங்கள் அழுத்தும் புள்ளிக்கு நேர் பின்னால் அல்ல. ஆணியின் நீளம் பீடிங், கதவு இரண்டின் கனத்தையும் சேர்த்தாலும் மிஞ்சுமா என்று முன்பே அளந்துவிடுங்கள்.

கடைசி இரண்டு மில்லிமீட்டர் இறங்காமல் அடம்பிடித்தால் மேலும் மல்லுக்கட்ட வேண்டாம். நெயில் பஞ்ச் என்று ஒரு சின்ன எஃகு முளை இருக்கிறது, நுனி 0.8 மி.மீ., 1.6 மி.மீ. என்று அளவுகளில். ஆணித் தலையைவிடச் சற்றுச் சிறிய நுனியை வைத்து லேசான சுத்தியலால் இரண்டு தட்டு. இப்போது ஆணி தானாக நிற்கிறது, விரல் பஞ்சின் மேல்பகுதியில் இருக்கிறது, ஆபத்து இல்லை.

பீடிங் பிளப்பது பற்றியும் சொல்ல வேண்டும். முனையிலிருந்து குறைந்தது 12 மி.மீ. தள்ளி ஆணி வையுங்கள். ஆணித் தடிமனைப் போல் பத்து மடங்கு என்பது பொதுவான கணக்கு. சுத்தியலால் அடிக்கிறவர்கள் ஆணியின் கூர்நுனியைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிட்டு அடிப்பார்கள். கூர்நுனி நாரைப் பிளந்துகொண்டு போகும், மழுங்கிய நுனி நாரை நசுக்கி வெட்டிக்கொண்டு போகும், அதனால் பிளவு குறையும். நல்ல தந்திரம்தான். ஆனால் மழுங்கிய ஆணிக்கு விசை அதிகம் வேண்டும், பின் புஷரோடு இது ஒத்துப்போகாது. கையால் அழுத்துவதாக இருந்தால் துளை போடுவதே மேல். இன்னொன்று, பீடிங்கைப் பிடித்து நிறுத்துவது பசை. அது காயும்வரை அசையாமல் வைத்திருப்பதுதான் ஆணியின் வேலை. ஆகவே 15 முதல் 20 செ.மீ. இடைவெளிக்கு ஒன்று போதும். ஒன்றை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் சற்றே சாய்த்து இறக்கினால் பீடிங் எளிதில் பிடுங்கிக்கொண்டு வராது.

பித்தளை ஆணியைக் காந்தம் பிடிக்காது. ஸ்டெயின்லெஸ் ஆணிகளிலும் பெரும்பாலானவற்றைப் பிடிக்காது. அதற்கு வழி, முதலில் துளையிட்டு, நோஸ் பிளையரால் ஆணியைத் துளையில் நட்டுவிட்டு, அதன் மேல் குழாயைக் கவிழ்த்து அழுத்துவது. பித்தளை மென்மையானது என்பதால் துளை சற்று ஆழமாகவே இருக்கட்டும்.

சுவரில் அடிக்கும் கான்கிரீட் ஆணிக்கு இந்தக் கருவியை எடுக்கவே கூடாது. கைவிசையில் அது இறங்கப் போவதில்லை. கடினமாக்கிய எஃகு என்பதால், சுத்தியலால் அடிக்கும்போதுகூட வளைவதற்குப் பதில் உடைந்து சில்லாகத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கான்கிரீட் ஆணி அடிப்பது விரல் நசுங்குவதைவிட மோசமான விளைவில் முடியலாம்.

அப்படிச் சுத்தியலால்தான் அடித்தாக வேண்டும் என்ற இடங்களில் ஆணியைப் பிடிக்க மட்டும் ஒரு துணை தேவை. பிளாஸ்டிக்கில் வி வடிவப் பள்ளமும் பின்னால் காந்தமும் வைத்த ஆணி பிடிப்பான்கள் விற்கிறார்கள். ஒரு அங்குலத்துக்கு மேற்பட்ட ஆணிக்கு அவை நல்லவை, அரை அங்குல ஆணி அதன் கனத்துக்குள்ளேயே மறைந்துவிடும். சின்ன ஆணிக்குச் செலவில்லாத வழி அட்டை: இரண்டு செ.மீ. அகலம், பத்து செ.மீ. நீளத்தில் ஒரு கெட்டி அட்டைத் துண்டு, ஒரு முனையில் ஆணியைக் குத்தி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அடித்து, ஆணி நின்றதும் அட்டையைக் கிழித்து எடுத்துவிடுங்கள். பழைய சீப்பின் பற்களுக்கு இடையிலும் செருகலாம். நோஸ் பிளையரால் பிடிப்பதாக இருந்தால் ஆணியின் நடுப்பகுதியைப் பிடித்து, கையைப் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். எதுவுமே இல்லையென்றால், உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் ஆணியைப் பிடியுங்கள். அடி தவறினாலும் நகத்தில் விழாமல் சதையில் விழும். வலிக்கும், நகம் போகாது.

சுத்தியலும் பொருத்தமாக இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் அரைக் கிலோ ஆணி பிடுங்கும் சுத்தியல் இதற்கு ஆகாது, அதன் முகமே ஆணியை மறைத்துவிடும். 100 கிராம் தலை போதும். ஒரு பக்கம் தட்டையாக மெலிந்த தலை உள்ளதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. மெல்லிய பக்கம் இரு விரல்களுக்கு நடுவே நுழைந்து ஆணியைத் தட்டி நிறுத்தும், பிறகு திருப்பி அகலப் பக்கத்தால் அடிக்கலாம். மெத்தை நாற்காலி தைப்பவர்களின் சுத்தியலில் ஒரு முகம் காந்தமாக இருக்கும். ஆணித் தலை அதில் ஒட்டிக்கொள்ள, ஒற்றைக் கையால் குத்தி நிறுத்திவிட்டு மறுமுகத்தால் அடிப்பார்கள். வாயில் ஆணியை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கால் எடுத்துக் கொடுக்கும் பழைய பழக்கம் மட்டும் உங்களுக்கு வேண்டாம்.

நீங்கள் கேட்ட போட்டோ ஃபிரேமுக்கு வருகிறேன். அங்கே ஆணி கீழ்நோக்கிப் போவதில்லை. பின்பலகையை ஒட்டிப் படுத்தபடி, சட்டத்தின் உள்சுவரில் பக்கவாட்டில் போகிறது. சுத்தியல் அதிர்வில் கண்ணாடி விரிசல் விடுவதும், சட்டத்தின் மூலை ஒட்டு விடுவதும் அங்கேதான். பின் புஷரின் தண்டு மெலிதாக இருந்தால் பலகையோடு ஒட்டிப் படுக்கவைத்து அழுத்தலாம், கைப்பிடி இடித்தால் சாய்வாகத்தான் போகும். இதைவிட எனக்குப் பிடித்தது வாய் அகலும் பம்ப் பிளையர். சட்டத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு தோல் துண்டையோ மடித்த அட்டையையோ வைத்து ஒரு தாடை, உள்ளே ஆணித் தலையில் மறு தாடை, பிழிந்தால் ஆணி சத்தமில்லாமல் இறங்கும். முக்கால் அங்குல ஆணியில் பாதி வெளியே நிற்க வேண்டும், அதுதான் பலகையைத் தாங்குவது. சட்டத்தின் கனத்தைவிட உள்ளே போகும் நீளம் கண்டிப்பாகக் குறைவாக இருக்கட்டும்.

ஏர் கம்பிரசரில் ஓடும் பிராட் நெயிலர் துப்பாக்கியைச் சிலர் இங்கே பரிந்துரைப்பார்கள். நாள் முழுக்கப் பீடிங் அடிப்பவருக்கு அது சரி. வீட்டில் நாலு ஃபிரேமுக்கு வேண்டாம். அந்த மெல்லிய ஆணி மரத்தின் நாரோட்டத்தில் சிக்கினால் உள்ளேயே வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும், பீடிங்கைப் பிடித்திருக்கும் விரல் அங்கேதான் இருக்கும்.

பராமரிப்பு அதிகமில்லை. குழாய்க்குள் மரத்தூள் சேர்ந்தால் ஸ்பிரிங் திணறும், ஊதிச் சுத்தம் செய்துவிட்டு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்துவிடுங்கள். அதிகம் விட்டால் தூள் இன்னும் ஒட்டும். காந்தம் தளர்ந்தால், வலுவான காந்தம் ஒன்றால் தண்டின் முனையை ஒரே திசையில் இருபது முறை தேய்த்தால் மீளும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் பலனில்லை. தண்டின் முனை தட்டையாகவே இருக்க வேண்டும். நாளாவட்டத்தில் உருண்டுபோனால் ஆணித் தலை வழுக்கி, தண்டுக்கும் குழாய்க்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். அப்போது குழாயைப் பின்னால் இழுத்து நோஸ் பிளையரால் ஆணியை எடுத்துவிட்டு, முனையை அரத்தால் இரண்டு இழுப்பு தட்டையாக்குங்கள். பாலீஷ் போட்ட மரத்தில் குழாயின் வாய் வட்டமாகத் தடம் பதிக்கும். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அதன் மேல் அழுத்துங்கள்.

தலையில்லா ஆணி தவறான இடத்தில் இறங்கிவிட்டால் முகப்பக்கமிருந்து தோண்டாதீர்கள். பீடிங்கை மெல்லிய பட்டி பிளேடால் நெம்பிக் கழற்றி, பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி நுனியைக் குறடால் பிடித்துப் பின்னோக்கியே உருவுங்கள். முகத்தில் ஊசித் துளை மட்டும்தான் மிஞ்சும்.