பூடான் அழகியும் மொட்டைமாடிக் கொடியும்

கேள்வி: பூடானின் தேசிய வண்ணத்துப்பூச்சியை நேரில் பார்க்க என்ன வழி?
(தண்டையார்பேட்டை வாசகர்)

லட்லோ அழகியைக் கேட்கிறீர்கள். கடலே இல்லாத, தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாத நாடு பூடான். அதன் வடகிழக்கு மூலையில், டிராஷியாங்ட்சே பள்ளத்தாக்கில், 1930-களில் லட்லோ, ஷெரிஃப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இருவரும் பிடித்த பூச்சி இது. அதன்பின் 2009-ல்தான் பும்டெலிங் சரணாலயத்தில் மறுபடி தென்பட்டது. ஆகஸ்ட், செப்டம்பரில் 2,000 மீட்டருக்கு மேலே பறக்கும். அப்போது அங்கே மழைக்காலம், ஆகவே நாட்களைத் தாராளமாக ஒதுக்குங்கள். குவஹாத்தி வரை ரயில். அங்கிருந்து சம்த்ருப் ஜோங்கர் எல்லை வழி. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 2022 முதல் இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம். கிளம்புமுன் ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: லட்லோ அழகியின் புழு ஈஸ்வரமூலி இனக் கொடியைத்தான் தின்னுமாமே? எங்கள் மாடியில் ஈஸ்வரமூலி வைத்தேன். கறுப்புப் புழுக்கள் வந்து மொட்டையடித்துவிட்டன. மருந்து அடிக்கலாமா?
(வியாசர்பாடி வாசகி)

அடிக்காதீர்கள், வந்த விருந்தாளியே அதுதான். லட்லோ அழகியின் புழு தின்பது இமயமலையில் வளரும் வேறொரு வகை. உங்கள் கொடியில் இருப்பது அதன் உறவான சிவப்புடல் அழகியாகவோ ரோஜா அழகியாகவோ இருக்கும். சிவப்புடல் அழகி என்றால் உடல் ரத்தச் சிவப்பு, முன்னிறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டை.

குறை கொடியின் அளவில்தான். வளர்ந்த புழு இலையோடு நிற்காது, தண்டையும் கடிக்கும். 12 அங்குலத் தொட்டி குறைந்தது நான்கு வேண்டும். செம்மண், மணல், மட்கிய எரு சம அளவு. அடியில் ஓட்டை அடைபடக் கூடாது, தேங்கிய நீரில் வேர் அழுகும். ஏறுவதற்குச் சணல் கயிறு கட்டுங்கள். ஓர் அடி வளராத கொடியை வலைக்குள் வையுங்கள். மொட்டையான கொடியைப் பிடுங்க வேண்டாம், வேர் பிழைத்திருந்தால் துளிர்க்கும். பக்கத்துச் செம்பருத்தியில் மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளித்தாலும் சாரல் பட்டுப் புழு சாகும். மாவுப்பூச்சியைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினால் போதும்.

நர்சரியில் பெரிய பூவுக்காக விற்கும் வெளிநாட்டு வகையை வாங்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு வகையில் முட்டையிட்ட ரிச்மண்ட் அழகியின் புழுக்கள் விஷமேறிச் செத்தன.

கேள்வி: ஈஸ்வரமூலி வேரைக் கஷாயம் வைத்துக் குடிக்கலாமா?
(காசிமேடு வாசகர்)

கூடாது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவழைக்கும். புழு அதே விஷத்தை உடம்பில் சேர்த்துவைத்துக்கொண்டுதான் பறவைகளிடமிருந்து தப்புகிறது.